உள்பக்கம் போட்ட பூட்டு

செல்போன அப்படி ஜன்னலோரமா நீட்டிப் புடிச்சுப் பேசாதீங்க தம்பி. பஸ்சு நிக்கற எடத்துல கீழ நிக்கறவன் ஒரு எம்பு எம்புனான்னா கையில ஒன்னும் இருக்காது. சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க வயசுல எனக்கு ஒரு பையன் பெங்களூர்ல இருக்கறான், அவங்கிட்டயும் இதேதான் சொல்லுவேன். அவனும் இப்படித்தான் சிரிப்பான்.

சிரிக்கறவிய சிரிக்கட்டுங்க. எனக்குப் பழகிப்போச்சு.

நானு ராக்கியண்ணன். காங்கேயத்துலருந்து சென்னிமலை வர்ற வழியில, ரோட்ட விட்டு உள்ள தள்ளி நம்ம தோட்டம். தோட்டத்துக்குள்ளயே வீடு. நானும் வீட்டுக்காரியும் மட்டுந்தான். மாடு இருக்குது, தென்னை இருக்குது, கொஞ்சம் வெள்ளாமை. இப்ப ஈரோடு வரைக்கும் போறேன். வீட்டுல ஒரு பிரச்சினைங்க. திருட்டுப் போகல. கொள்ளை போகல. ஒரு குண்டுமணி நகை காணாமப் போகல. அதுதானுங்க எனக்கு எரிச்சலே. எது நடந்துறக் கூடாதுன்னு இத்தனையும் பண்ணுனனோ அது நடக்கல. ஆனாப் பொண்டாட்டி வீட்டுல இல்ல.

மொதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

போன ஐப்பசியில எங்களுக்கு ரெண்டு ஊரு தள்ளி ஒரு தோட்டத்துல வயசானவிய ரெண்டு பேர அடிச்சுக் கொன்னு போட்டாங்க. நகைக்காக. அந்த மனுசன் பேரு பழனிக்குட்டி. எனக்கு நல்லாத் தெரியும். சந்தையில மாடு பாக்கறப்ப ஒட்டுக்கா நிப்போம். அவிய வீடும் எங்கள மாதிரியே. பையன் வெளியூர்ல, பொண்ணு கட்டிக்குடுத்தாச்சு, சுத்தியும் காடு. காலையில மாடு கத்திக்கிட்டே கெடக்குதே, ஏன் இன்னும் பால் கறக்கலன்னு ரோட்டுல போனவன் எட்டிப் பாத்திருக்கறான். அப்பறந்தான் ஊருக்கே தெரிஞ்சுது.

நானும் போனனுங்க. போயிருக்கக் கூடாது. போலீசு உள்ள விடல, ஆனா ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது. வட்டல்ல சோறு அப்படியே இருந்துச்சு. பாதி தின்னது. ரசம் ஊத்திப் பெசஞ்சு, கைய வெச்ச தடம் கூட அதுல இருந்துச்சு. அதைத்தான் பாத்தேன். வேற ஒன்னையும் பாக்கல. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு எனக்குச் சோறு எறங்கல தம்பி. வட்டல்ல கைய வெச்சாப் போதும், வாசலுக்கு வெளிய செருப்புச் சத்தம் கேக்கற மாதிரியே இருக்கும்.

அதுக்கு அடுத்தாப்பல கல்யாண மண்டபத்துல போலீசுக்காரங்க கூட்டம் போட்டாங்க. தோட்டத்துல தனியா இருக்கறவிய எல்லாரும் வரணும்னு சொல்லி. ஒரு அதிகாரி நல்லாத்தான் பேசினாரு. கேமரா வெய்யுங்க, கம்பிக் கதவு போடுங்க, நாய் வளருங்க, முன்னப் பின்னத் தெரியாதவன் தண்ணி கேட்டாக் கூடக் கதவத் தொறக்காதீங்க. அப்பறம் ஒன்னு சொன்னாரு. இந்த மாதிரிக் கேசுல பாதிக்கு மேல, உள்ள வந்து போன ஆளுதான் தகவல் குடுத்திருப்பான், இல்லீன்னா தெரிஞ்ச கொரலு கூப்பிட்டுத்தான் கதவத் தொறந்திருப்பாங்க. அதனால தெரிஞ்சவனத்தான் மொதல்ல சந்தேகப்படணும்னாரு. எல்லாரும் தலைய ஆட்டிப்போட்டு, வடை தின்னுபோட்டுப் போயிட்டாங்க. நானு ஒருத்தந்தான் அத மனசுல ஏத்திக்கிட்டேன்.

மளமளன்னு வேலையத் தொடங்குனேன். மின்ன மூங்கப் படல்தான் இருந்துச்சு, ஆடு முட்டினாத் தொறந்துக்கும். அத எடுத்துப்போட்டு ஆளு ஒசரத்துக்கு மேல இரும்புக் கேட்டு. மேல ஈட்டி மாதிரி கூரா வெச்சுச் செய்யச் சொன்னேன். முன்னாடி ஆசாரம், அதான் முன்கூடம், பூராக் கம்பி அடச்சாச்சு. பொறக்கடக் கதவு எதுக்கு, ரெண்டு வழி இருந்தா ரெண்டு பக்கமும் பாக்கணுமில்ல, அத வெல்டிங் வெச்சு அடச்சாச்சு. பையங்கிட்டச் சொல்லிக் கேமரா. வெளிக் கேட்டு டி.வி.யிலயே தெரியும். பொள்ளாச்சிக்குப் போயி ஒரு நாயி புடிச்சுட்டு வந்தேன். அது என்னப் பாத்து மட்டும் கொலைக்கும். மத்தவியளக் கண்டா வால ஆட்டும். அது போகட்டும். அப்பறம் மொளகாப்பொடி. ஆசாரத்துல, ஜன்னலுக்கு ஜன்னல், சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி வெச்சேன். எம் பொண்டாட்டி தெய்வாத்தா, கொழம்புக்கு மொளகாப்பொடி இல்லீங்க, ஜன்னல்ல இருக்கறத எடுத்துக்கட்டுமான்னு கேப்பா. அவளுக்கு எல்லாமே வெளையாட்டு.

பழக்கி விடணுமில்லீங்களா? அதுக்காகச் சமயாசமயத்துல நானே வெளிய போயி கேட்டத் தட்டுவேன். கொரல மாத்தி, அம்மா கொஞ்சம் தண்ணி குடுங்கம்மான்னு கேப்பேன். அவ என்ன பண்ணணும், உள்ளருந்தே யாரு எவருன்னு வெசாரிக்கணும், டி.வி.யில பாக்கணும், எனக்குப் போன் பண்ணணும். அவ என்ன பண்ணுவா தெரியுங்களா? கரண்டியோட வந்து நின்னு, ஏனுங்க, சோறு ஆறுது வாங்கம்பா. ஒருக்காவாச்சும், ஒரே ஒருக்காவாச்சும் ஒழுங்காப் பண்ணியிருக்கணுமே.

அதனாலதான் சாவிய நானே வெச்சுக்கிட்டேன். ரெண்டு சாவியும். இடுப்புக் கயித்துல கோத்து வெச்சுக்குவேன். அவகிட்ட இருந்தா யாரு கூப்பிட்டாலும் தொறந்து விட்டுருவா. பூக்காரி வந்தாத் தொறப்பா, வளையக்காரன் வந்தாத் தொறப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரி மோருக்கு வந்தாத் தொறப்பா. மின்னயெல்லாம் எங்க வாசல்ல எப்பப் பாத்தாலும் நாலு பொம்பளைக உக்காந்து பேசிக்கிட்டிருப்பாங்க. பூட்டுப் போட்டதுக்கப்பறம் ஒவ்வொருத்தியா நின்னுட்டாங்க. தை பொறக்கறதுக்குள்ள ஒரு ஈ காக்கா உள்ள வர்றதில்ல. அந்தளவுக்குக் கொண்டாந்துட்டேன். தெய்வாத்தா நாயிகூடப் பேச ஆரம்பிச்சா. பேசட்டும், என்ன கெட்டுப்போச்சு? கோயலுக்குப் போகணும்பா, நானே கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வருவேன். ஒரு கொறையும் வெக்கல.

மயிலாளச் சொல்லணுமே.

மயிலாங்கறது எங்க தோட்டத்துல வேலை செய்யறவ. காலனியிலருந்து வருவா. எம் பையன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்த காலத்துலருந்தே வர்றா. சாணி அள்ளுவா, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டுவா. நல்ல வேலைக்காரி, கொறை சொல்லக் கூடாது. எடந் தெரிஞ்சு நடந்துக்குவா. இத்தனை வருசத்துல வாசல் தாண்டி வீட்டுக்குள்ள ஒரு நாள் வந்ததில்ல. நாங்களும் வரச் சொன்னதில்ல. ஊருல எப்படியோ அப்படி.

அந்தக் கொலைக்கு அப்பறம் அவளுக்கும் ஒரு ஒழுங்கு வெச்சேன். அதிகாரி சொன்னாரில்ல. வந்ததும் கேமரா முன்னால நின்னு முக்காட்ட எடுத்து மொகத்தக் காட்டணும். கூடையக் கவுத்துக் காட்டணும். அப்பறந்தான் தொறப்பேன். அவளும் காட்டிப்போட்டு உள்ள வந்து வேலையப் பாப்பா. தெய்வாத்தாதான் அன்னைக்கெல்லாம் எங்கிட்டப் பேசாம மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா.

மயிலா புருசன் திருமூர்த்தி. சரக்கு ஆட்டோ ஓட்டறவன். குடிப்பான். குடிச்சா அடிப்பான். சில நாள் அவ கன்னம் வீங்கி, கண்ணு செவந்துதான் வேலைக்கு வருவா. தெய்வாத்தா மஞ்சப் பத்துப் போட்டு விடுவா. அவனக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கன்னு எங்கிட்டச் சொல்லுவா. நானு எதுக்குங்க கேக்கறது? அது புருசம் பொண்டாட்டி வெவகாரம். நானு பயந்துக்கிட்டு இருந்தது கொலைகாரனுக்கு. இது வேற, அது வேறங்க. ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் கொழப்பக் கூடாது.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, அந்தம்மா கொழந்தையோட நிக்குது. ம். உக்காரும்மா.

பங்குனி மாசம். நல்ல வெயிலு. மத்தியானச் சோறு தின்னுபோட்டுக் கட்டல்ல சாஞ்சிருக்கறேன். கேட்டு தடதடன்னு அடிக்குது. டி.வி.யப் போட்டுப் பாத்தா மயிலா. முடி அவுந்து கெடக்குது. காலுல செருப்பில்ல. கேட்டுக் கம்பியப் புடிச்சு ஆட்டறா. சாமி, தொறங்க சாமி, வெட்டிப்போடுவான் சாமிங்கறா. வாசல்லருந்து கேக்கறதும் டி.வி.யில வாய் அசையறதும் ஒன்னுக்கொன்னு சேரவே இல்ல. அது எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்குது.

இந்த எடத்துல நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லணும். உங்களத்தான் கேக்கறேன். அவ வர்ற நேரமா அது? காலையில வேலைய முடிச்சுப்போட்டுப் போனவ. கேமராவுல கேட்டு முன்னால மட்டுந்தான் தெரியும். வேலியோரம் எவன் குத்த வெச்சிருக்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச பொம்பளைய முன்னால விட்டு அழுக வெச்சுக் கதவத் தொறக்க வெக்கறது இவனுகளுக்குப் புதுசா? பழனிக்குட்டி வீட்டுல யாரு கொரலக் கேட்டுத் தொறந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? இதெல்லாம் எந் தலைக்குள்ள ஓடுது. ஒரு மனுசன் தயாரா இருக்கறதுன்னா இதுதானுங்க. அவசரப்படாம இருக்கறது.

தெய்வாத்தா அடுப்படியிலருந்து ஓடி வந்தா. டி.வி.யப் பாத்தா. சாவியக் குடுங்கன்னா. பொறு, மொதல்ல என்ன ஏதுன்னு பாக்கறேன்னேன். அதுக்குள்ள அவ வாசலுக்கு ஓடிட்டா. நானு பையனுக்குப் போன் பண்ணுனேன், அவன் எடுக்கல, ஆபீசுல இருப்பான். போலீசுக்குப் பண்ணுனேன். எடுத்தாங்க. பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க, பக்கத்துல என்ன அடையாளம்னு கேட்டாங்க. சொல்லிக்கிட்டே வாசலுக்கு வந்தேன். சும்மா நின்னேன்னு சொல்லாதீங்க. போன் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்.

வாசல்ல தெய்வாத்தா கம்பிக்குள்ள ரெண்டு கையையும் விட்டு மயிலா தோளப் புடிச்சுக்கிட்டிருந்தா. சாவிங்க, சாவிங்கன்னு கத்தறா. அந்தப் பக்கம் திருமூர்த்தி வண்டிய வழியிலயே நிறுத்திப்போட்டு வர்றான். கையில கொடுவாள். தென்னமட்டை வெட்டற கொடுவாள். பக்கத்துல வேற ஒருத்தனும் இல்ல. அவன் ஒருத்தந்தான். அது எனக்கு அப்பறந்தானே தெரியும்?

அப்ப மட்டும் தொறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அவ உள்ள வருவா, அவளோட அவனும் வருவான். வந்தா எங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே விழுகும்? கணக்குப் போட்டுப் பாருங்க.

மொத வெட்ட அவ கையால தடுத்தா. முழங்கைக்குக் கீழ. ரெண்டாவதும் அதே கையிலதான். அப்பத்தான் தெய்வாத்தா ஆசாரத்து ஜன்னலுக்குப் பாஞ்சு பொட்டலத்த எடுத்தா. மொளகாப்பொடி. பிரிச்சுக் கம்பி வழியா அவன் மூஞ்சியில வீசுனா பாருங்க, அப்படியே கொடுவாளக் கீழ போட்டுப்போட்டுக் கண்ணப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டான். அப்பறம் கொடுவாளத் தடவி எடுத்துக்கிட்டுத் தட்டுத் தடுமாறி எந்திரிச்சு, வேலியப் புடிச்சுப் புடிச்சு ஓடிட்டான்.

அந்தப் பொட்டலம் யாரு வெச்சது? நானுங்க. கட்டிக் கட்டி ஜன்னலுக்கு ஜன்னல் வெச்சது நானு. இத யாராச்சும் பேசறாங்களா? ஒருத்தராவது, ராக்கியண்ணன் வெச்ச மொளகாப்பொடிதான் ஒரு உசுரக் காப்பாத்துச்சுன்னு சொல்றாங்களா? கெடையாது.

அவன் போனதுக்கப்பறமும் நானு உடனே தொறக்கல. நெசமாலுமே போயிட்டானான்னு உறுதி பண்ணணுமில்லீங்களா? கொஞ்ச நேரம் பாத்தேன். அதுக்குள்ள தெய்வாத்தா எங்கிட்ட வந்தா. எம் மூஞ்சியக் கூடப் பாக்கல. வேட்டி மடிப்புல கைய விட்டு, இடுப்புக் கயித்தப் புடிச்சு ஒரே இழு. கயிறு அறுந்துபோச்சு. கல்யாணம் ஆன நாள்லருந்து எம் முன்னால நிமுந்து பேசாதவ தம்பி அவ. தொறந்து போயி மயிலாளத் தூக்கியாந்தா.

ஆசாரத்துல படுக்க வெச்சு, கட்டியிருந்த சீலைத் தலைப்பக் கிழிச்சுக் கட்டுனா. அந்த வலியில, அந்த ரத்தத்துல, மயிலா என்ன சொன்னா தெரியுங்களா? உள்ள வேண்டாங்கம்மா, தரையெல்லாம் கறையாயிரும், என்ன வாசல்லயே போடுங்கன்னா. அவளுக்கு இருந்த ரோசனை கூட எம் பொண்டாட்டிக்கு இல்ல. அந்தக் கறை இன்னும் போகல. பினாயில் ஊத்திக் கழுவிப் பாத்துட்டேன். சிமிட்டித் தரை, குடிச்சுப்போட்டுது.

ஆம்புலன்சு வந்துச்சு. மயிலாளுக்குக் கூடப் போக ஆளில்ல. ஒரே புள்ள, கட்டிக்குடுத்த எடத்துல பிரசவமாகிக் கெடக்குது. தெய்வாத்தா செருப்புக் கூடப் போடாம ஏறிட்டா. போயிட்டு வர்றேன்னு கூடச் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் வீட்டுக்கு வர்ல.

சென்னிமலை தாண்டியாச்சுங்களா? அப்ப இன்னும் நேரமிருக்குது.

அப்பறம் போலீசு வந்துது. என்ன பாத்தீங்கன்னு கேட்டாங்க. தூங்கிக்கிட்டிருந்தேன், சத்தங் கேட்டு உங்களுக்குப் போன் பண்ணுனேன், பேசி முடிச்சு வாசலுக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு, ஒன்னும் பாக்கலீங்கன்னு சொல்லிப்போட்டேன். கேமராவுல பதிஞ்சிருக்குமேன்னாங்க. அதுல பாக்கத்தான் முடியும், பதியறதுக்கு ஒரு கார்டு போடணுமாமா, எம் பையன் அடுத்த லீவுக்கு வர்றப்பப் போடறேன்னு விட்டிருந்தான்.

நீங்களே சொல்லுங்க, பாத்தேன்னு சொன்னா என்னாகும்? திருமூர்த்திய அன்னைக்குச் சாயங்காலமே புடிச்சுட்டாங்க. ஆனா எத்தனை நாளைக்கு வெச்சிருப்பாங்க? ஜாமீன்ல வருவான். எங்க தோட்டத்து வழியாத்தான் அவன் வண்டி போகோணும், வரோணும். இத்தனை கம்பி, இத்தனை பூட்டு, இத்தனையும் போட்டு வெச்சுக்கிட்டு, நானே போயி பகைய வீட்டுக்குக் கூட்டிட்டு வரோணுமா? அப்பறம் நானு தயாரா இருந்ததுக்கு என்னங்க அர்த்தம்?

ஆனா தெய்வாத்தா எல்லாத்தையும் சொல்லிட்டா. எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டா. அவரும் பாத்தாருன்னும் சேத்துச் சொல்லியிருக்கறா. இப்ப அவம் பக்கத்து வக்கீலு என்ன சொல்றானாம்? தட்டு வெட்டற மிசின்ல மயிலாவே கைய விட்டுட்டுப் புருசன் மேல பழி போடறா, அந்தம்மா பாசத்துல அதையே சொல்லுது, அந்த வீட்டு மனுசனே ஒன்னும் பாக்கலங்கறாரேன்னு சொல்றானாம். இன்சுபெக்டரு என்னக் கூப்பிட்டு விட்டாரு. நீங்க பாக்கலன்னு சொன்ன ஒரு வார்த்தைதான் அவன வெளிய கொண்டாரப் போகுதுன்னாரு. அதெப்படிங்க? நானு அவனுக்காக ஒன்னும் பேசுலையே. ஒன்னும் பேசாம இருக்கறது எப்படிப் பேசுன மாதிரி ஆகும்?

ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்ட விட்டுப்போட்டு வர்றதே எனக்குப் பெரிய பாடு. பூட்டிப்போட்டு, மறுக்காப் போயிப் பூட்ட இழுத்துப் பாத்துப்போட்டு வந்தேன். பெரிய வார்டு. தெய்வாத்தா கட்டலுக்குப் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து மயிலாளுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தா. எங்க வீட்டுல தனி டம்ளரு வெச்சிருந்தவளுக்கு, அந்தக் கையால ஊட்டறா. நானு ஒன்னும் சொல்லல. நாலு பேரு இருக்கற எடம்.

மயிலா என்னப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தா. கை பூராக் கட்டு. முடியல. படுத்துக்கிட்டே, மாட்டுக்குத் தண்ணி காட்டறது யாருங்க சாமின்னு கேட்டா. நாந்தான்னேன். செவலைக்குக் கழுத்துக் கயிறு இறுகியிருந்துச்சு, தளத்தி விட்டுருங்க சாமின்னா. சரின்னேன். அப்பறம் அவளேதான் சொன்னா. நானு கேக்கல, அவ வாயிலருந்துதான் வந்துச்சு.

"நீங்க தொறக்காததும் நல்லதுக்குத்தானுங்க சாமி. தொறந்திருந்தா அவன் உள்ள வந்து உங்களையும் அம்மாவையும் எதாச்சும் பண்ணியிருப்பான். என்னோட போச்சு."

எனக்கு அப்படியே ஒரு பாரம் எறங்குச்சு தம்பி. நானு தெய்வாத்தாளத் திரும்பிப் பாத்தேன். கேட்டுக்கிட்டயா, வெட்டுப்பட்டவளே சொல்றா, உனக்குத்தான் வெளங்கலன்னேன்.

அவ கஞ்சிக் கிண்ணத்தக் கீழ வெச்சா. மயிலா வாயத் தொடச்சு விட்டா. என்னக் கூட்டிக்கிட்டு வார்டுக்கு வெளிய நடைக்கு வந்தா. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாக் கூட நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"ஏனுங்க, அன்னைக்கு அவ வெளிய நின்னா, நானு உள்ள நின்னேன். ரெண்டு பேரும் ஒரே பூட்டத்தான் புடிச்சு இழுத்தோம். இத்தனை மாசமா அது திருடனுக்குப் போட்டதுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தனுங்க."

இதுக்கு என்னங்க அர்த்தம்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. திருடனுக்குப் போடாம வேற யாருக்குப் போட்டேன்? அவளக் காப்பாத்தறதுக்குத்தானே போட்டேன்? எந் தலைமாட்டுல ஒரு தடி, கால்மாட்டுல ஒரு தடி வெச்சுக்கிட்டுக் கெடந்தனே, எனக்காகவா? நெசமாவே ஒரு கொள்ளக்காரன் வந்திருந்தா, எம் மேல விழுந்ததுக்கப்பறந்தானே அவ மேல விழும்? அது அவளுக்குத் தெரியாதா?

எப்ப வீட்டுக்கு வருவேன்னு கேட்டேன். நீங்க பாத்ததப் போயிச் சொல்லுங்க, சொன்ன அன்னைக்கு வர்றேன்னா. அவ்வளவுதான். போறப்ப ஒரு தூக்குப் போசியில சாப்பாடு கட்டிக் குடுத்தா. அடுத்த கட்டல்காரிக்கு அவிய வீட்டுலருந்து வந்த சாப்பாட்டுல இவளுக்குக் குடுத்த பங்கு. அவளுக்கு வெச்சுக்கிட்டத விட எனக்குக் கட்டுனதுதான் ஜாஸ்தியா இருந்துச்சு.

பையங்கிட்டச் சொன்னேன். அவனும் ஆத்தா பக்கந்தான். அப்பா, கேமராவ நாந்தானே வாங்கிக் குடுத்தேன், இதுக்கா வாங்கிக் குடுத்தேன்னு கேட்டான். பக்கத்துத் தோட்டத்துக்காரி மோருக்கு வர்றதில்ல, என்னக் கண்டா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுப் போறா. ஊருக்குள்ள ரெண்டு பேரு உக்காந்து பேசிக்கிட்டிருந்தா நானு போனதும் பேச்சு நின்னுருது. நானு என்னங்க பண்ணுனேன்? கொடுவாள நானா எடுத்தேன்? அவன விட்டுப்போட்டு என்னப் புடிச்சுக்கிட்டாங்க.

இப்ப வீட்டுல நானும் நாயும் மட்டுந்தான். கேட்டுப் பூட்டியேதான் கெடக்குது. தட்டறதுக்கு ஆளில்ல. அன்னைக்கு என்னமோ தோணுச்சு, நானே வெளிய போயி, பழக்கத்துல, கேட்டத் தட்டிப் பாத்தனுங்க. ஏன் தட்டுனேன்னு எனக்கே தெரியல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுபோட்டு, எஞ் சாவியப் போட்டு நானே தொறந்துக்கிட்டு உள்ள போனேன்.

பொழுதோட வீட்டுல இருக்கோணும். இன்னைக்கு எப்படியும் கூட்டிட்டு வந்தர்றதுன்னுதான் கெளம்புனேன். என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். நானு சொன்னா அவ கேக்க மாட்டா. எம் பேச்சு இப்ப எடுபடாது. அதான் உங்களப் பாத்ததும் ஒரு ரோசனை வந்துச்சு.

தம்பி, நீங்களும் ஈரோடுதானே? எங்கூட ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்குங்க. ரொம்ப நேரம் ஆகாது. அவகிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அம்மா, எல்லாத்தையும் கேட்டேன், அந்த எடத்துல யாரா இருந்தாலும் இதத்தாம்மா பண்ணியிருப்பாங்க, நானா இருந்தாலும் பூட்டத் தொறந்திருக்க மாட்டேன். இவ்வளவுதான். வெளியாளு சொன்னா அவ கேப்பா. பொய்யொன்னும் சொல்லச் சொல்லல. நெசமாவே நீங்களும் அதத்தானே பண்ணியிருப்பீங்க?

ஏந் தம்பி, அதுக்குள்ள பைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டீங்க?

நானு யாரோ எவனோன்னு பாக்கறீங்களா? பயப்படறதுக்கு என்ன இருக்குது. வயசான மனுசன், பகல் நேரம், ஆஸ்பத்திரியில அத்தன சனம் இருக்குது. உள்ள கூட வர வேண்டாம். நடையில நின்னு சொன்னாப் போதும். அவள நானே வெளிய கூட்டியாந்தர்றேன்.

எந்திரிச்சுட்டீங்க. இங்கயே எறங்கறீங்களா? அடுத்த ஸ்டாப்புதானுங்க ஆஸ்பத்திரி. வேலை இருக்குதா. சரி, இருக்கும்.

போங்க தம்பி, பாத்து எறங்குங்க. உங்களச் சொல்லிக் குத்தமில்ல. ஒருத்தன் கஷ்டம்னு கூப்பிட்டா, இந்தக் காலத்துல யாருங்க வர்றாங்க.